ஃபைப்ரினோஜன் அளவீட்டு முறைகளும் இதய நோய் இடர் கணிப்பும்

ஃபைப்ரினோஜன் என்பது கல்லீரலில் உருவாகி இரத்தப் பிளாஸ்மாவில் கரைந்திருக்கும் புரதம் ஆகும். இரத்தம் உறைவதற்குத் தேவையான காரணிகளின் வரிசையில் இது முதலாவது. காயம் ஏற்படும்போது திராம்பின் என்னும் நொதி இதன் மூலக்கூறிலிருந்து சிறு துண்டுகளை வெட்டி நீக்குகிறது. எஞ்சிய பகுதிகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு ஃபைப்ரின் இழைகளாகின்றன. இந்த இழை வலையில் இரத்த அணுக்கள் சிக்கி உறைகட்டி உண்டாகிறது. நலமுள்ள பெரியவர்களிடம் இப்புரதம் பொதுவாக லிட்டருக்கு 2 முதல் 4 கிராம் வரை காணப்படும். உடலில் அழற்சி ஏற்பட்டாலும், புகைப்பழக்கம் இருந்தாலும் இதன் அளவு உயரும்.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இப்புரதத்தின் அளவுக்கும் மாரடைப்புக்கும் தொடர்பு இருப்பது தெரியவந்தது. ஆனால் அதை அளக்கும் முறை ஆய்வகத்துக்கு ஆய்வகம் வேறுபட்டது. எனவே எந்த முறையில் கிடைத்த எண் இதய நோயைச் சரியாக முன்னறிவிக்கும் என்ற கேள்வி எழுந்தது.

தொடக்ககால முறைகள்

1870களில் ஸ்வீடனின் உப்சாலாவைச் சேர்ந்த ஒலோஃப் ஹம்மர்ஸ்டென் குதிரையின் பிளாஸ்மாவிலிருந்து உப்பின் உதவியால் ஃபைப்ரினோஜனைப் பிரித்தெடுத்தார். பின்னர் வந்த அளவீட்டு முறைகள் பலவும் ஓர் எளிய கருத்தைப் பின்பற்றின: பிளாஸ்மாவை முழுவதும் உறையவைத்து, கிடைக்கும் உறைகட்டியில் எவ்வளவு புரதம் உள்ளது என்று பார்ப்பது. உறைகட்டியைக் கழுவி உலர்த்தி எடை போடுவது இவற்றுள் ஒன்று. 1951இல் அமெரிக்காவின் ராட்நாஃப், மென்சி ஆகிய இருவரும் சிறிதளவு பிளாஸ்மாவே போதுமான ஒரு முறையை வெளியிட்டனர். இதில் உறைகட்டியிலுள்ள டைரோசின் என்னும் அமினோ அமிலத்தை நிறமானி மூலம் அளந்து புரத அளவு கணக்கிடப்பட்டது. இம்முறைகள் நம்பகமானவை என்றாலும் நேரமும் கைவேலையும் மிகுதியாகத் தேவைப்பட்டன.

கிளாஸ் முறை

1957இல் கிளாஸ் என்பவர் ஜெர்மன் மொழிக் கட்டுரை ஒன்றில் விரைவான முறையை விவரித்தார். பிளாஸ்மாவை ஏறத்தாழ பத்து மடங்கு நீர்க்கச் செய்து, அதில் மிகுதியான திராம்பினைச் சேர்த்து, உறைய எத்தனை நொடிகள் ஆகின்றன என்று அளப்பதே இம்முறை. திராம்பின் தேவைக்கு மேல் இருப்பதால் உறையும் வேகம் ஃபைப்ரினோஜனின் அளவைப் பொறுத்தே அமைகிறது. ஃபைப்ரினோஜன் கூடினால் நேரம் குறையும். அளவு தெரிந்த மாதிரிகளைக் கொண்டு வரைந்த கோட்டிலிருந்து நோயாளியின் அளவு படித்தறியப்படுகிறது. தானியங்கிக் கருவிகளுக்கு எளிதில் பொருந்தியதால் மருத்துவமனை ஆய்வகங்களில் இம்முறையே நிலைபெற்றது.

கிளாஸ் முறை நேரடியாக அளப்பது புரதத்தின் எடையை அல்ல, அது உறையும் வேகத்தையே. இதற்கு மாறாக, எதிர்ப்பொருள் கொண்டு அளக்கும் நோயெதிர்ப்பியல் முறைகள் புரதம் வேலை செய்கிறதா என்று பாராமல் இருப்பை மட்டும் கணக்கிடுகின்றன. பிறவியிலேயே குறையுள்ள ஃபைப்ரினோஜனைக் கொண்டவர்களிடம் இவ்வேறுபாடு தெளிவாகத் தெரியும்: கிளாஸ் முறையில் அளவு குறைவாகவும், நோயெதிர்ப்பியல் முறையில் இயல்பாகவும் வரும். மூன்றாவது வகை, பிளாஸ்மாவை ஏறத்தாழ 56 பாகை செல்சியசுக்குச் சூடாக்கி ஃபைப்ரினோஜனை வீழ்படிவாக்கி, அதன் கலங்கலை ஒளிச்சிதறல் மூலம் அளப்பது.

இதய நோய் ஆய்வுகள்

லண்டனின் நார்த்விக் பார்க் மருத்துவமனையில் தாமஸ் மீட் தலைமையில் நடந்த ஆய்வு இத்துறையின் திருப்புமுனையாகக் கருதப்படுகிறது. 40 முதல் 64 வயது வரையிலான 1511 ஆண்களைப் பின்தொடர்ந்த இவ்வாய்வின் முதன்மை முடிவுகள் 1986இல் வெளிவந்தன. ஃபைப்ரினோஜன் ஒரு திட்டவிலக்கம் உயர்ந்தால் ஐந்தாண்டுகளுக்குள் இதயக் குருதிக்குறை நோய் வரும் இடர் 84 விழுக்காடு கூடியது. கொலஸ்டிராலுக்கு இது 43 விழுக்காடாக இருந்தது. இங்கு உறைகட்டியை எடைபோடும் முறை பயன்பட்டது.

ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரில் 54 வயதுடைய 792 ஆண்களை 13.5 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 1984இல் வெளியானது. அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் ஆய்வு 1987இல் ராட்நாஃப்–மென்சி முறையில் கிடைத்த முடிவுகளை வெளியிட்டது. இரண்டும் ஃபைப்ரினோஜனுக்கும் இதய, இரத்தக்குழாய் நோய்களுக்கும் உள்ள தொடர்பை உறுதிசெய்தன.

முறைகளின் ஒப்பீடு

மருத்துவமனைகளில் கிளாஸ் முறையும், ஆய்வுகளில் வேறு முறைகளும் இருந்ததால் நேரடி ஒப்பீடு தேவையாயிற்று. பிரிட்டனின் கேர்ஃபில்லி, ஸ்பீட்வெல் ஆய்வுகளில் ஒரே ஆண்களின் இரத்தம் கிளாஸ் முறையிலும் வெப்ப வீழ்படிவு முறையிலும் அளக்கப்பட்டது. 1998இல் வெளியான முடிவின்படி வெப்ப வீழ்படிவு முறையே இதய நோயை வலுவாக முன்னறிவித்தது. 2000ஆம் ஆண்டில் ஃபிராமிங்ஹாம் ஆய்வின் இரண்டாம் தலைமுறையினர் 2632 பேரிடம் கிளாஸ் முறையும் புதிய நோயெதிர்ப்பு வீழ்படிவு முறையும் ஒப்பிடப்பட்டன. வயது, புகைப்பழக்கம் முதலியவற்றுக்கு ஈடுசெய்த பிறகும், இதய நோய் உள்ளவர்களிடம் ஃபைப்ரினோஜன் உயர்ந்திருப்பதை நோயெதிர்ப்பு முறை காட்டியது. கிளாஸ் முறையில் அவ்வேறுபாடு புள்ளியியல் முக்கியத்துவத்தை எட்டவில்லை.

இரத்தத்தில் ஃபைப்ரினோஜன் ஒரே வடிவில் இருப்பதில்லை என்பது இவ்வேறுபாட்டுக்குத் தரப்படும் விளக்கங்களுள் ஒன்று. முழு மூலக்கூறுகள் விரைவாகவும், ஓரம் சிதைந்த மூலக்கூறுகள் மெதுவாகவும் உறைகின்றன. நேரத்தை அளக்கும் சோதனை இவ்விரண்டின் விகிதத்தாலும் மாறும்.

ஆய்வகங்களுக்கிடையிலான வேறுபாட்டைக் குறைக்க 1992இல் பிளாஸ்மா ஃபைப்ரினோஜனுக்கான பன்னாட்டுத் தர மாதிரி உருவாக்கப்பட்டது. இது கருவிகளைப் பொதுவான அளவுகோலுக்குக் கொண்டுவர உதவியது. எனினும் முறைகள் வெவ்வேறு பண்புகளை அளப்பதால் ஏற்படும் வேறுபாட்டை இது முற்றிலும் நீக்கவில்லை.

காரணமா, அடையாளமா

2005இல் 31 ஆய்வுகளின் 1,54,211 பேர் பற்றிய தரவுகள் ஒருங்கே பகுக்கப்பட்டன. ஃபைப்ரினோஜன் லிட்டருக்கு 1 கிராம் உயரும்போது இதயத் தமனி நோய்க்கான இடர் 2.42 மடங்காக இருந்தது. பிற இடர்க் காரணிகளுக்கு ஈடுசெய்தபோது இது ஏறத்தாழ 1.8 மடங்காகக் குறைந்தது. ஆனால் ஃபைப்ரினோஜன் அளவை உயர்த்தும் மரபணு வேறுபாடு கொண்டவர்களிடம் மாரடைப்பு கூடுதலாகக் காணப்படவில்லை. ஃபைப்ரினோஜனைக் குறைக்கும் பெசாஃபைப்ரேட் மருந்தை, காலின் தமனி நோய் கொண்ட ஆண்களுக்குக் கொடுத்த ஆய்வு 2002இல் வெளிவந்தது. அதிலும் மாரடைப்பும் பக்கவாதமும் சேர்ந்த மொத்த எண்ணிக்கை குறையவில்லை. இதனால் இப்புரதம் நோயின் காரணம் என்பதைவிட, தமனிச் சுவரில் நிகழும் அழற்சியின் அடையாளம் என்ற கருத்து வலுப்பெற்றது.

இன்றைய நிலை

2012இல் வெளியான மற்றொரு கூட்டாய்வு, நடுத்தர இடர் உள்ளவர்களில் 400 முதல் 500 பேரைச் சோதித்தால் பத்தாண்டுகளில் கூடுதலாக ஒரு நோய் நிகழ்வைத் தடுக்க இயலும் என்று கணக்கிட்டது. பரவலாகப் பயன்படும் இதய நோய் இடர்க் கணிப்பு அட்டவணைகளில் ஃபைப்ரினோஜன் சேர்க்கப்படவில்லை. பேறுகாலக் குருதிப்போக்கு, கல்லீரல் நோய், உடலெங்கும் இரத்தம் உறையும் நிலை ஆகியவற்றில் உறையும் திறனையே அறிய வேண்டியிருப்பதால், அங்கு கிளாஸ் முறை இன்றியமையாததாக உள்ளது. ஒரு முறையில் வகுத்த இடர் எல்லையை வேறு முறையில் கிடைத்த எண்ணோடு ஒப்பிட்டால், ஒருவரின் இடர் கூடுதலாகவோ குறைவாகவோ மதிப்பிடப்படக்கூடும். ஆகவே ஃபைப்ரினோஜன் முடிவைப் படிக்கும்போது அது அளக்கப்பட்ட முறையையும் சேர்த்தே படிக்க வேண்டும்.