கரிசல் ஊர்ப்பெயர்களில் உயிரொலித் திரிபு: கடம்பூர் வட்டாரத்தை முன்வைத்து

விளாத்திகுளம் வட்டத்தில் ஒரு குளத்தூர் உண்டு. சென்னையில் ஒரு கொளத்தூர். மேட்டூர்ப் பக்கம் இன்னொரு கொளத்தூர். மூன்றும் ஒரே பெயர்தான். முன்னதை ஏட்டு வழக்கில் எழுதினார்கள், பின்னவற்றைக் காதில் விழுந்தபடி எழுதினார்கள். பேச்சில் விளாத்திகுளத்தாருக்கும் அது கொளத்தூரே. ஆகவே ஊர்ப்பெயரின் ஒலி வரலாற்றை எழுத்தை மட்டும் நம்பி ஆராய முடியாது.

அதே கரிசல் வட்டாரத்தில் உள்ள கடம்பூரைச் சுற்றியுள்ள பெயர்களைப் பேச்சில் கேட்டால் ஒரு சீரான நியதி தெரியும். முதலசையில் குற்றுயிர் இகரமோ உகரமோ இருந்து, ஒற்றை மெய்யை அடுத்து அ, ஆ, ஐ வந்தால், இகரம் எகரமாகவும் உகரம் ஒகரமாகவும் தாழ்கிறது. விளாத்திகுளம் வெளாத்திகொளம் ஆகிறது, இளையரசனேந்தல் எளையரசனேந்தல், துறையூர் தொறையூர், சிவகாசி செவகாசி. நியதி தடைபடும் இடங்கள் இன்னும் முக்கியமானவை. குருமலையை யாரும் கொருமலை என்பதில்லை, அடுத்த அசையில் உகரம் இருப்பதால். இலுப்பையூரணியின் இகரமும் அதே காரணத்தால் நிலைக்கிறது. சிந்தலக்கரையில் அகரம் பின்வந்தும் இகரம் அசையவில்லை. இடையில் இரண்டு மெய்கள் நிற்கின்றன. கடம்பூரோ அகரத்தில் தொடங்குவதால் இந்த நியதிக்குள்ளேயே வராது. இவ்வளவு ஒழுங்காக நடக்கும் ஒன்றைக் ‘கொச்சை’ என்று ஒதுக்குவது தவறு.

கரிசல் நிலத்தில் தெலுங்கு பேசும் குடிகள் பல தலைமுறைகளாக வாழ்கின்றன. தெலுங்கில் குளத்துக்குக் கொலனு என்று பெயர், கன்னடத்தில் கொள. அதனால் ‘கொளம்’ தெலுங்குச் சேர்க்கை என்று சொல்லிவிடத் தோன்றும். நான் இதை ஏற்கவில்லை. தெலுங்குக் குடிகள் அதிகம் இல்லாத ஊர்களின் தமிழிலும் இலை எலையாகவும் குடை கொடையாகவும்தான் ஒலிக்கின்றன. தாழ்வு தமிழின் சொந்த நடை. இதே போக்கு தெலுங்கிலும் கன்னடத்திலும் எழுத்திலேயே ஏறிவிட்டது, தமிழிலும் மலையாளத்திலும் ஏறவில்லை. மொழியியலாளர்கள் டி. பர்ரோ 1940இலும் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி 1958இலும் இந்த இ–எ, உ–ஒ மாற்றத்தை விரிவாக ஆராய்ந்தார்கள். அவர்கள் காட்டியதன் சாரம்: அகரத்துக்கு முன் இந்த இரண்டு இணைகளுக்குள்ளும் இருந்த வேறுபாடு தென் திராவிடத்தில் மிகப் பழங்காலத்திலேயே அழிந்துவிட்டது. பழந்தமிழ் இ, உ பக்கம் சாய்ந்தது. கன்னடம் எ, ஒ பக்கம் சாய்ந்தது. பிற்காலத் தமிழ்ப் பேச்சு மறுபடி எ, ஒ பக்கம் வந்தது.

இதன் விளைவு இடைசெவல் என்ற பெயரில் நன்றாகத் தெரிகிறது. கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் பிறந்த ஊர் அது. பேச்சில் எடசெவல். ‘இடை’ எகரமாவது மேற்சொன்ன நியதிப்படியே. ஆனால் ‘செவல்’? செம்மண் நிலத்தைக் குறிக்கும் இந்தச் சொல்லை ‘சிவ’ என்பதன் பேச்சுத் திரிபாக எண்ணினால் வரலாறு தலைகீழாகிவிடும். செம்மை, செவ்வானம், கன்னடத்துக் கெம்பு ஆகியவை காட்டுகிறபடி வேரில் இருந்தது எகரமே. சிவப்பு என்பதில்தான் அது இகரமாக உயர்ந்தது. ஒரே ஊரின் பெயரில், முன்பாதி எகரம் புதியது, பின்பாதி எகரம் பழையது. காதுக்கு இரண்டும் ஒன்றுபோலவே கேட்கும். பேச்சு வடிவத்திலிருந்து நேராக மூலத்துக்குத் தாவும் ஊர்ப்பெயர் விளக்கங்களை நான் சந்தேகிப்பது இதனால்தான்.

மற்றொரு திரிபைச் சுருக்கமாகச் சொல்லலாம். இதழொலிக்கும் நாவளை மெய்க்கும் நடுவே நிற்கும் இகரம் குவிந்து உகரமாகவும் எகரம் ஒகரமாகவும் மாறுகிறது: பிள்ளையார்நத்தம் புள்ளையார்நத்தம். இது பிள்ளை, பெண் போன்ற சொற்களிலும் தமிழகமெங்கும் நடப்பதே. ஈற்று ஐகாரம் குறுகிக் கழுகுமலை ‘கழுகுமல’ ஆவதும் அப்படித்தான்.

பழைய ஆவணங்களை வைத்து இவற்றுக்குக் காலம் குறிப்பது எளிதன்று. ஓலையில் புள்ளியை விட்டு எழுதும் வழக்கத்தால் எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் வேறுபாடின்றி நின்றன. ஒட்டப்பிடாரமா ஓட்டப்பிடாரமா என்ற கேள்விக்கு அப்படிப்பட்ட ஓலை விடை தராது. இந்தக் குறில் நெடில் குழப்பத்தைத் தீர்க்கும் எழுத்துச் சீர்திருத்தம் வீரமாமுனிவர் பெயரோடு வழங்குகிறது. அவர் பணியாற்றிய காமநாயக்கன்பட்டி இதே கரிசலில் உள்ளது. பேச்சுத் தமிழுக்கு அவர் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணம் 1738இல் தரங்கம்பாடியில் அச்சானது.

ரா. பி. சேதுப்பிள்ளையின் ‘தமிழகம் ஊரும் பேரும்’ 1946இல் வந்தது. அதன் நோக்கம் பெயர்களின் பொருள். ஒலிக்கான அத்தகைய நூல் தனியே எழுதப்பட வேண்டும். 2020 ஜூனில் 1018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றும் அரசாணை வெளியாகி, சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. அதில் ‘உச்சரிப்பு’ எனப்பட்டது தமிழ் எழுத்தின் உச்சரிப்பு. வெளாத்திகொளம் என்று ஊரார் சொல்வது அந்தக் கணக்கில் சேரவில்லை. வருவாய்ப் பதிவேட்டில் உள்ள பெயருக்குப் பக்கத்தில் ஊரார் சொல்லும் வடிவத்தையும், சொன்னவரின் வயதோடும் வீட்டுமொழியோடும் சேர்த்துக் குறித்துவைத்தால், தெலுங்கு பேசும் வீட்டிலும் தமிழ் பேசும் வீட்டிலும் குளம் ஒரே அளவுக்கு ஒகரமாகத் தாழ்கிறதா என்பதைக் கடம்பூர்ப் பகுதியிலேயே சோதித்துவிடலாம்.