பதினாறில் கடன் வாங்குதல்: வீசம், அணா, பதினாறடிமானக் கழித்தல்

முன்னுரை

கணினி அறிவியல் பாடத்தில் பதினாறடிமான எண்களைக் கழிக்கும் முறை மாணவர்க்கு முற்றிலும் புதிய செயலாகவே அறிமுகமாகிறது. பத்தடிமானத்தில் மேலிடத்திலிருந்து கடனாகப் பெறும் ஒன்று கீழிடத்தில் பத்தாக மதிக்கப்படும். பதினாறடிமானத்தில் அவ்வொன்று பதினாறாக மதிக்கப்படும். வேறுபாடு இவ்வளவே. ஒன்றைப் பதினாறாக உடைத்துக் கழிக்கும் இச்செயல் 1957 வரை தமிழகத்துக் கடைகளிலும் கணக்கேடுகளிலும் அன்றாடம் நிகழ்ந்து வந்தது. இதைக் கொண்டு தமிழர் பதினாறடிமான எண்முறையைக் கையாண்டனர் எனக் கூறலாமா என்பது ஆராயத்தக்க வினா. அணாக் கணக்கு, வீசக் கணக்கு, கணினிக் கணக்கு ஆகிய மூன்றிலும் கடன் வாங்கும் முறையை ஒப்பிட்டு அதற்கு விடை காண இக்கட்டுரை முயல்கிறது.

அணாக் கணக்கில் கழித்தல்

கும்பினி ஆட்சியின் முற்பகுதியில் சென்னை மாகாணத்தில் வராகன், பணம், காசு என்னும் நாணய முறையே வழங்கியது. 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு வராகன். 1818இல் ரூபாய் அடிப்படை நாணயமாக ஏற்கப்பட்டது. 1835ஆம் ஆண்டு நாணயச் சட்டம் கும்பினி ஆட்சிப் பகுதிகள் அனைத்திற்கும் ஒரே சீரான ரூபாயை நிறுவியது. ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஓர் அணாவிற்கு 12 பை என்பது அதன் பகுப்பு.

7 ரூபாய் 3 அணாவிலிருந்து 2 ரூபாய் 9 அணாவைக் கழிக்க வேண்டும் எனக் கொள்வோம். 3இலிருந்து 9 போகாது. எனவே ஒரு ரூபாயை உடைத்து 16 அணாவாக்கினால் 19 அணா ஆகும். அதில் 9 போக 10 அணா மிஞ்சும். எஞ்சிய 6 ரூபாயில் 2 போக 4 ரூபாய். விடை 4 ரூபாய் 10 அணா. இதே கணக்கைப் பதினாறடிமானத்தில் 73 − 29 என எழுதலாம். அம்முறையில் பத்து முதல் பதினைந்து வரையுள்ள மதிப்புகளை ஏ, பி, சி, டி, இ, எஃப் என்னும் எழுத்துகள் குறிப்பதால் விடை 4ஏ ஆகும். படிநிலைகள் இரண்டிலும் ஒன்றே.

எனினும் இவ்வொற்றுமை ஓரிடத்தோடு முடிந்துவிடுகிறது. 23 ரூபாய் 3 அணா 4 பையிலிருந்து 5 ரூபாய் 9 அணா 8 பையைக் கழிக்கும்போது பை இடத்திற்கு வாங்கும் கடன் 12. அணா இடத்திற்கு வாங்கும் கடன் 16. ரூபாயின் ஒன்றாமிடத்திற்கு வாங்கும் கடன் 10. விடை 17 ரூபாய் 9 அணா 8 பை. ஒரே கழித்தலில் மூன்று வேறு அடிமானங்கள் இடம்பெறுகின்றன. ஆகவே அணாக் கணக்கு கலப்படிமானம் உடையது. பதினாறு என்பது அதில் ஒரு கணு மட்டுமே.

வீசக் கணக்கில் கழித்தல்

ரூபாயும் அணாவும் வருவதற்கு முன்பே பதினாறில் ஒரு பங்கு தமிழில் தனிப்பெயர் பெற்றிருந்தது. அரை, கால், அரைக்கால், வீசம் என ஒன்றை நான்கு முறை பாதியாக்கினால் 1/16 கிடைக்கும். வீசத்திற்கு மாகாணி என்றும் பெயர். மா 1/20, காணி 1/80, இரண்டும் கூடினால் 5/80, அதாவது 1/16. பாதியாக்கும் வழியும் இருபதாகப் பகுக்கும் வழியும் ஒரே பின்னத்தில் வந்து சேர்கின்றன. திண்ணைப் பள்ளிகளில் மனப்பாடமாகப் பயிலப்பட்ட பொன்னிலக்கமும் எண்சுவடியும் இப்பின்னங்களை நாவில் பதியவைத்தன. காரிநாயனாரின் கணக்கதிகாரமும் இவற்றை விரிவாகக் கையாள்கிறது.

பதினாறின் பங்குகளைக் குறிக்கும் சொற்கள் கருதத்தக்கவை. 5/16 காலே வீசம். 6/16 காலே அரைக்கால். 9/16 அரையே வீசம். 15/16 முக்காலே மூவீசம். ஏறக்குறைய முழுமையும் என்னும் பொருளில் இன்றும் பேச்சில் வழங்கும் 'முக்காலே மூணு வீசம்' இக்கடைசிப் பின்னமே. இச்சொற்களில் பதினாறுக்குப் பதினைந்து தனித்தனி இலக்கங்கள் இல்லை. கால்களின் எண்ணிக்கை முன்னும் வீசங்களின் எண்ணிக்கை பின்னுமாக இரண்டு நிலைகள் உள்ளன. ஒவ்வொன்றும் நான்கில் நிறைவுறுகிறது.

முன்னர்க் கண்ட கணக்கையே இம்முறையில் செய்தால் வேறுபாடு விளங்கும். ஏழே மூவீசத்திலிருந்து இரண்டரையே வீசத்தைக் கழிக்க வேண்டும். மூவீசத்தில் வீசம் போக எஞ்சுவது இரண்டு வீசம், அதாவது அரைக்கால். கால் நிலையில் ஏதுமில்லாமையால் ஏழில் ஒன்றை உடைத்து நான்கு காலாக்கி, அதில் அரையைக் கழித்தால் அரை நிற்கும். ஆறில் இரண்டு போக நான்கு. விடை நாலரையே அரைக்கால். 4 ரூபாய் 10 அணாவும் இதே அளவுதான். ஆனால் இங்கு வாங்கிய கடன் பதினாறு அன்று, நான்கு. விடை ஒன்றாயினும் வழி வேறு. அணாவை எண்ணிக் கணக்கிட்டவர் பதினாறைக் கடன் வாங்கினார். பின்னப் பெயர்களால் கணக்கிட்டவர் நான்கைக் கடன் வாங்கினார்.

வீசத்திற்குக் கீழே செல்லும்போதும் பதினாறு தொடர்ந்து மீள்வதில்லை. அடிப்படைச் சிறு பின்னமாகிய முந்திரி 1/320; அது வீசத்தின் இருபதில் ஒரு பங்கு. அதற்கும் கீழே கீழ்முந்திரி 1/102400, அதாவது முந்திரியின் 320இல் ஒரு பங்கு. ஆகவே கீழ்வாய் எண்களில் சுழற்சியாக மீளும் அடிமானம் 320. ஒன்றுக்கு மேற்பட்ட எண்களோ பத்தின் அடுக்குகளாக வளர்பவை.

பதினாறடிமானம் முழு எண்முறையாதல்

எல்லா இடங்களிலும் பதினாறே மீள்வதுதான் முழுமையான பதினாறடிமானம். ஜெர்மானிய அறிஞர் லைப்னிட்ஸ் 1679ஆம் ஆண்டுக் கையெழுத்துப் படிகளில் இதனை ஆராய்ந்துள்ளார். ஸ்வீடனில் பிறந்த அமெரிக்கப் பொறியாளர் ஜான் நைஸ்ட்ராம் எண், எடை, அளவை, நாணயம் அனைத்தையும் பதினாறின்மேல் அமைக்கும் திட்டமொன்றை 1862இல் பிலடெல்பியாவில் நூலாக வெளியிட்டார். ஒவ்வோர் இலக்கத்திற்கும் புதுப்பெயர் சூட்டிய அத்திட்டம் நடைமுறைக்கு வரவில்லை.

கணினியே இம்முறையை நிலைபெறச் செய்தது. நான்கு இருநிலை இலக்கங்கள் ஒரு பதினாறடிமான இலக்கத்துள் அடங்குவது அதற்குக் காரணம். வீசம் பிறந்ததும் நான்கு முறை பாதியாக்கியே. இரண்டுக்கும் வேர் இரட்டிப்பும் பாதியாக்கலுமே. தொடக்கத்தில் பத்துக்கு மேற்பட்ட இலக்கங்களுக்குப் பொதுக்குறிகள் அமையவில்லை. இல்லினாய் பல்கலைக்கழகத்தின் இல்லியாக் கணினி கே, எஸ், என், ஜே, எஃப், எல் என்னும் எழுத்துகளை ஆண்டது; அதில் எஃப் என்பது 14. பென்டிக்ஸ் ஜி-15 கணினி யு முதல் இசட் வரையுள்ள எழுத்துகளை ஆண்டது. 1964 ஏப்ரல் 7 அன்று ஐபிஎம் நிறுவனம் அறிவித்த சிஸ்டம்/360 ஏ முதல் எஃப் வரையுள்ள குறிகளைப் பரவலாக்கியது.

அணாவின் மறைவு

இதற்குள் தமிழகத்து வழக்கிலிருந்து பதினாறு விலக்கப்பட்டிருந்தது. 1955ஆம் ஆண்டின் திருத்தச் சட்டப்படி 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய் நூறு நயாபைசாவாகப் பகுக்கப்பட்டது. இலங்கைத் தமிழர் ரூபாயை நூறு சதமாகப் பகுக்கும் முறைக்கு 1872லேயே மாறிவிட்டனர். ஓர் அணாவின் மதிப்பு 6.25 நயாபைசா, எனவே முழு எண்ணாக்கிய மாற்று விகிதத்தில் ஓரணா 6, இரண்டணா 12, மூன்றணா 19, நாலணா 25 எனக் கொள்ளப்பட்டது. ஓரணா வீதம் மும்முறை செலுத்தினால் 18. மூன்றணாவை ஒருமுறையில் செலுத்தினால் 19. பாதியாக்கிப் பிறந்த அளவு பத்தின் அடுக்குகளில் மீதியின்றி அடங்காது என்பதைச் சில்லறை வணிகமே காட்டியது. மீதியின்றி அடங்கிய நாலணாவும் எட்டணாவும் 25, 50 காசுகளின் பெயர்களாக நெடுங்காலம் நீடித்தன.

தமிழ்க் குறியீடுகளில் பதினாறு

இன்று தமிழ் எழுத்துகள் ஒருங்குறியில் பதினாறடிமான எண்களாலேயே சுட்டப்படுகின்றன. ககரத்தின் எண் 0பி95. ழகரத்தின் எண் 0பிபி4. இவற்றின் இடைவெளியைக் காண இறுதி ஈரிடங்களாகிய பி4இலிருந்து 95ஐக் கழித்தால் போதும். 4இல் 5 போகாது. கடன் வாங்கிய 16 சேர 20, அதில் 5 போக 15, அதாவது எஃப். பி குறைந்து ஏ ஆகிறது. அதில் 9 போக 1. விடை 1எஃப், அதாவது 31. 2019இல் வெளியான ஒருங்குறி 12.0 பதிப்பில் தமிழ்ப் பின்னக் குறிகளும் சேர்க்கப்பட்டன. வீசத்தின் குறியும் பதினாறடிமான எண் ஒன்றைப் பெற்றது.

முடிவுரை

பதினாறைக் கடன் வாங்கும் செயல் தமிழ் வழக்கிற்குப் புதிதன்று. பதினாறடிமான எண்முறை தமிழ் வழக்கில் இருந்ததில்லை. இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காண்பதே வரலாற்றுக்கு நேர்மை. அணாக் கணக்கில் பதினாறு ஒரு கணு. வீசக் கணக்கில் அது நான்கின் நான்கு. கணினிக் கணக்கில் மட்டுமே அது முழு அடிமானம். தமிழ்ப் பின்னங்களைப் பதினாறடிமானத்தின் முன்னோடி எனப் போற்றினால் 320ஐச் சுழற்சியாகக் கொண்ட அவற்றின் தனித்தன்மை மறைந்துவிடும். வகுப்பறையில் இக்கழித்தலைக் கற்பிப்போர் 7 ரூபாய் 3 அணாவிலிருந்து தொடங்கலாம். ரூபாயின் பத்தாமிடத்தை அடைந்ததும் உவமை அங்கு முடிகிறது என்பதையும் உடன் சொல்ல வேண்டும்.