கெட்ட கொழுப்பைக் குறைக்கும் மருத்துவத்தின் வரலாறு

இரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமந்து செல்லும் எல்.டி.எல். துகள்கள் வழக்கில் கெட்ட கொழுப்பு எனப்படுகின்றன. இவை மிகுந்தால் தமனிச் சுவரில் கொழுப்பு படிந்து மாரடைப்புக்கு வழிவகுக்கும்.

தோற்றம்

1913-இல் ரஷ்ய அறிவியலாளர் நிக்கோலாய் அனிச்கோவ், கொலஸ்ட்ரால் ஊட்டப்பட்ட முயல்களின் தமனிகளில் கொழுப்பு படிவதைக் காட்டினார். அதன்பின் நெடுங்காலம் உணவுக் கட்டுப்பாடே முதன்மை வழியாக இருந்தது. 1973-இல் ஜப்பானின் அகிரா எண்டோ, அரிசியில் வளர்ந்த பூஞ்சை ஒன்றிலிருந்து, உடலில் கொலஸ்ட்ரால் உருவாவதைத் தடுக்கும் பொருளைக் கண்டறிந்தார். இவ்வகை மருந்துகள் ஸ்டேட்டின் எனப்படும். அவற்றுள் முதலாவதாக லோவாஸ்டேட்டின் 1987-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. 1994-இல் வெளியான ஸ்காண்டிநேவிய ஆய்வில், 4,444 இதய நோயாளிகளுள் சிம்வாஸ்டேட்டின் உட்கொண்டவர்களிடையே இறப்பு சுமார் 30 விழுக்காடு குறைந்திருந்தது.

தமிழ்நாட்டில்

2022 ஜனவரியில் கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. ஆயினும் கல்வராயன் மலைச் சிற்றூர்களிலிருந்து அங்கு வந்து சேர நேரமாகும். மாரடைப்பில் அந்த நேரமே உயிரைத் தீர்மானிக்கிறது. 2023-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தின்படி, மாரடைப்பு அறிகுறியுடன் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருபவருக்கு ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டேட்டின் மாத்திரைகளை முதலில் கொடுத்து, பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகின்றனர்.

உணவு

கல்வராயன் மலையில் விளையும் சாமை போன்ற சிறுதானியங்களில், தீட்டிய அரிசியைவிட நார்ச்சத்து மிகுதி. பயறு, கீரை, காய்கறிகளைக் கூட்டி, வனஸ்பதி, பாமாயில், நெய் ஆகியவற்றைக் குறைத்தால் எல்.டி.எல். அளவு குறையும். எனினும் உணவால் மட்டும் எல்லாருக்கும் போதிய அளவு குறைவதில்லை. உடலே கொலஸ்ட்ராலை உற்பத்தி செய்கிறது. ஆகவே, பரிசோதனையில் அளவு சீரானது கண்டு, மருத்துவரைக் கேளாமல் மாத்திரையை நிறுத்துதல் கூடாது.