பெரிய ஹெட்போன் வாங்குறதுக்கு முன்னாடி ஒரு பழங்கதை

போன வாரம் மஞ்சள் வேக வைக்கிறதைப் பத்தி எழுதினேன். இந்த வாரம் கொஞ்சம் வேற பக்கம் போலாம்.

எங்க ஊர்ல இருந்து காலேஜுக்கும் கம்பெனிக்கும் பஸ்ல போய்வர்ற பசங்க நாலஞ்சு பேர், காதை முழுசா மூடுற பெரிய ஹெட்போன் வாங்கணும்னு கொஞ்ச நாளா பேசிக்கிட்டு இருக்காங்க. எங்க அக்கா பையனும் அதுல ஒருத்தன். போன்ல பத்து மாடலைக் காட்டி, "மாமா, இதுல எதை வாங்கலாம்?"னு கேட்டான். மாடு வாங்கப் போனா பல்லைப் பார்ப்போம், சுழி பார்ப்போம். அதுக்கு முன்னாடி, உழவுக்கா, பாலுக்கா, வண்டிக்கான்னு கேட்டுக்குவோம். ஹெட்போனுக்கும் அந்தக் கேள்விதான் முதல் கேள்வின்னு எனக்குப் படுது. ஏன்னா, இந்தக் கருவி வளர்ந்த வரலாற்றைப் படிச்சுப் பார்த்தா, ஒவ்வொரு வகையும் ஏதோ ஒரு இடத்துச் சத்தத்தைச் சமாளிக்கத்தான் உருவாகியிருக்கு. எது எந்தச் சத்தத்துக்கு வந்ததுன்னு தெரிஞ்சா, நமக்கு எது ஆகும்னு தானா புரிஞ்சுடும்.

சமையலறையில் பிறந்தது

முதல்ல காதுல மாட்டினவங்க பாட்டு கேட்டவங்க இல்லைங்க, வேலை செஞ்சவங்க. 1880-கள்ல அமெரிக்காவுல டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல உட்கார்ந்து லைன் மாத்திக் கொடுத்த ஆபரேட்டர்கள், தோள்ல தாங்குற மாதிரி கனமான கருவியைச் சுமந்துக்கிட்டு ஒத்தைக் காதுல கேட்டாங்க. ரெண்டு கையும் வேலைக்கு வேணும்ல, அதனால. இன்னைக்கும் பெரிய ஆம்ப்ளிஃபயர்ல குத்துற தடிச்ச ஹெட்போன் பின் இருக்கே, அது அந்த எக்ஸ்சேஞ்சுல லைன் மாத்தக் குத்தின பின்னோட வாரிசுதான்.

இப்ப நாம பார்க்கிற உருவம், அதாவது தலைக்கு மேல ஒரு பட்டை, ரெண்டு காதுக்கும் ரெண்டு கிண்ணம், இது 1910-ல வந்தது. அமெரிக்காவுல யூட்டா மாநிலத்துக்காரர் நேத்தானியேல் பால்ட்வின். தன் வீட்டுச் சமையலறை மேசையில வச்சே செஞ்சு, அமெரிக்கக் கடற்படைக்கு அனுப்பினார். கடற்படைக்காரங்க சோதிச்சுப் பார்த்து அசந்துட்டாங்க. கப்பல்ல வயர்லெஸ் கேட்கிற ஆளுக்கு, மெலிசா வர்ற சிக்னல் இவ்வளவு தெளிவா எதுலயும் கேட்டதில்லை. ஆர்டர் கொடுத்தாங்க. ஆனா சமையலறையில செய்றதால ஒரு தடவைக்குப் பத்துக்கு மேல செஞ்சு கொடுக்க முடியலை. தலைப்பட்டைக்குக் காப்புரிமை வாங்குங்கன்னு சொன்னதுக்கு, அது அற்ப விஷயம், அதுக்கெதுக்குன்னு விட்டுட்டார். பின்னாள்ல நொடிச்சுப் போய், ஜெயிலுக்கும் போய் வந்தார். அவர் அற்பம்னு விட்ட அந்தப் பட்டையைத்தான் இன்னைக்கு உலகமே தலையில மாட்டிக்கிட்டு இருக்கு.

பாட்டுக்கு வந்தது

1937-ல ஜெர்மனியில ஆய்கன் பேயர்ங்கிறவரோட கம்பெனி டிடி 48-னு ஒரு ஹெட்போன் கொண்டுவந்தது. ஸ்பீக்கர் மாதிரியே காந்தமும் சுருளும் வச்ச முதல் ஹெட்போன் அதுதான். இன்னைக்குக் கடையில இருக்கிறதுல பெரும்பாலானது அதே தத்துவத்துலதான் ஓடுது.

ஆனா வீட்டுல சாதாரண ஜனங்க பாட்டு கேட்க ஹெட்போன் மாட்டினது 1958-க்கு அப்புறம். அமெரிக்காவுல மில்வாக்கி நகரத்துக்காரர் ஜான் காஸ். கல்யாணத்துக்கு சோபா வாங்கச் சொல்லிக் கொடுத்த பணத்துல டிவி பெட்டி வாங்கி, ஆஸ்பத்திரி நோயாளிகளுக்கு வாடகைக்கு விட்ட ஆளுங்க அவர்! அப்புறம் ஒரு இன்ஜினியரோட சேர்ந்து, கையில தூக்கிட்டுப் போற ரெக்கார்டு பிளேயர் ஒண்ணு செஞ்சார். பக்கத்துல இருக்கிறவங்களுக்குத் தொந்தரவு இல்லாம கேட்க ஒரு ஸ்டீரியோ ஹெட்போனையும் கூட வச்சார். கண்காட்சியில பிளேயரை யாரும் சீண்டலை, ஹெட்போனுக்குத்தான் கூட்டம். தக்காளிக்கு ஊடுபயிரா போட்ட கொத்தமல்லி நல்ல விலைக்குப் போன கதைதான்.

1968-ல ஜெர்மனியின் சென்ஹைசர் கம்பெனி எச்டி 414 கொண்டுவந்தது. மஞ்சள் நுரைப் பஞ்சு வச்சது. கிண்ணத்தோட முதுகுப்பக்கம் அடைக்காம திறந்தே இருக்கும். காத்து உள்ளே வெளியே போறதால பாட்டு விஸ்தாரமா கேட்கும், காதும் வேகாது. ஆனா வெளிச்சத்தம் பூரா உள்ளே வரும், நம்ம பாட்டு பூரா பக்கத்து ஆளுக்குக் கேட்கும். அமைதியான அறைக்கு இது ராஜா. பஸ்ஸுக்கு ஆகவே ஆகாது. கடையில 'ஓப்பன் பேக்'னு எழுதியிருந்தா இந்த ரகம்னு தெரிஞ்சுக்கோங்க.

ரோட்டுக்கு வந்தது

1979 ஜூலை 1-ஆம் தேதி ஜப்பான்ல சோனி வாக்மேன் விற்பனைக்கு வந்தது. அந்தக் காலத்துல நல்ல ஹெட்போன்னா 300, 400 கிராம் எடை. வாக்மேனோட வந்தது சுமார் 50 கிராம்தான். அது இல்லேன்னா நடந்துக்கிட்டே பாட்டு கேட்கிற பழக்கம் அவ்வளவு சீக்கிரம் பரவியிருக்காது.

அந்த முதல் வாக்மேன்ல ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிச்சது. சோனியின் தலைவர் அகியோ மொரிடா, ஒருத்தர் தனியா காதை மூடிக்கிட்டுப் பாட்டு கேட்கிறது மத்தவங்களுக்கு மரியாதைக் குறைவா படும்னு நினைச்சார். அதனால ரெண்டு பேர் சேர்ந்து கேட்க ரெண்டு துளை வச்சாங்க. கூடவே ஆரஞ்சு நிறத்துல ஒரு பட்டன். அதை அமுக்கினா பாட்டு தணிஞ்சு, ஒரு மைக் வழியா பக்கத்துல பேசுறது காதுக்கு வரும். நடமாடுற மனுஷனுக்கு வெளிச்சத்தமும் வேணும்னு அப்பவே யோசிச்சிருக்காங்க. இன்னைக்கு விலை கூடின ஹெட்போன்ல 'ஆம்பியன்ட்', 'டிரான்ஸ்பரன்சி'ன்னு பெருமையா போடுறாங்களே, அதுக்கு இந்தப் பட்டனைத் தாத்தான்னு சொல்லலாம்.

சின்ன நுரை ஹெட்போன்ல ஒரு குறை உண்டு. வெளிச்சத்தத்தை அது தடுக்காது. பஸ் இரைஞ்சா, பாட்டை அதுக்கு மேல கூட்டி வைக்கணும். காதுக்குக் கேடு ஆரம்பிக்கிறது அங்கதான்.

சத்தத்தை வச்சே சத்தத்தை அழிச்சது

இதுக்கு வழி கண்டவர் நம்ம நாட்டு வம்சாவளிங்க. அமர் போஸ். இவங்க அப்பா நோனி கோபால் போஸ், வங்காளத்து விடுதலைப் போராட்டக்காரர். வெள்ளைக்காரன் கெடுபிடியில 1920-ல அமெரிக்காவுக்குப் போனவர். மகன் எம்ஐடி-யில பேராசிரியர், 1964-ல தன் பேர்லயே கம்பெனி ஆரம்பிச்சார். 1978-ல ஐரோப்பாவுல இருந்து விமானத்துல திரும்பும்போது, விமானத்துல கொடுத்த ஹெட்போனை மாட்டினார். இன்ஜின் இரைச்சல்ல பாட்டு எடுபடலை. அந்தப் பயணத்துலயே உட்கார்ந்து கணக்குப் போட ஆரம்பிச்சுட்டார்.

யோசனை அதுக்கு முன்னாடியே இருந்ததுதான். பால் லூக்ங்கிற ஜெர்மானியர் 1936-லயே இதுக்கு அமெரிக்கக் காப்புரிமை வாங்கியிருந்தார். தத்துவம் லேசானது. கிணத்துல ரெண்டு கல்லைப் போடுங்க. ஒரு அலையோட மேடும் இன்னொரு அலையோட பள்ளமும் சந்திக்கிற இடத்துல தண்ணி அசையாம நிக்கும். அதே மாதிரி, வெளியில வர்ற இரைச்சலை மைக் பிடிச்சு, மேட்டுக்குப் பள்ளமா ஒரு எதிர் அலையைக் காதுக்குள்ள விட்டா ரெண்டும் அடிச்சுக்கிட்டு அடங்கிடும்.

சொல்றது லேசு, செய்றது கஷ்டம். 1986-ல பெட்ரோல் நிரப்பாம, எங்கயும் இறங்காம ஒன்பது நாள்ல உலகத்தைச் சுத்தின வாயேஜர் விமானத்தோட ரெண்டு விமானிகளும் போஸ் கம்பெனியின் சோதனை ஹெட்செட்டைத்தான் மாட்டிக்கிட்டுப் போனாங்க. 1989-ல விமானிகளுக்காகக் கடைக்கு வந்தது. பயணிகளுக்கான 'கொயட்கம்ஃபர்ட்' 2000-ல வந்தது. பதினோரு வருஷம் விமானிகளுக்கு உழைச்ச பிறகுதான் பாட்டு கேட்கிறவங்ககிட்ட வந்திருக்கு.

2008-ல பீட்ஸ் வந்து, பெரிய ஹெட்போனைக் கழுத்துல போட்டுக்கிட்டுத் திரியறதை அழகாக்கிடுச்சு. 2016-ல ஐபோன் 7-ல ஹெட்போன் துளையையே எடுத்துட்டாங்க. அதுக்கப்புறம் புளூடூத்தான் எங்க பார்த்தாலும்.

அப்ப எதை வாங்கறது?

பஸ், ரயில் இன்ஜினோட ஒரே சீரான 'உம்ம்'ங்கிற தாழ்ந்த இரைச்சல்ல தினம் ரெண்டு மணி நேரம் உட்கார்றவங்களுக்கு, சத்தம் அடக்குற ரகம் ரொம்ப உதவும். அது பொறந்ததே அந்த மாதிரி இரைச்சலுக்குத்தான். பேச்சுச் சத்தம், ஹாரன் மாதிரி திடீர்னு வர்றதை அது அவ்வளவு அடக்காது. அதெல்லாம் கிண்ணமும் மெத்தையும் தடுக்கிற அளவுக்குத்தான்.

அவ்வளவு செலவு முடியாதுன்னா, முதுகு அடைச்ச சாதாரண ஒயர் ஹெட்போன் போதும். பேட்டரி தீர்ற கவலை இல்லை. ஆனா அட்டையில 'ஓம்' கணக்கைப் பாருங்க. 32 ஓம் சுமாருக்கு இருந்தா போன்லயே நல்லாக் கேட்கும். 250, 300 ஓம் ரகமெல்லாம் பெரும்பாலும் தனி ஆம்ப்ளிஃபயர் கேட்கும்.

நம்ம வெயிலுக்கு இன்னும் நாலு விஷயம் இருக்கு. மெத்தை கழட்டி மாத்துற மாதிரி இருக்கணும். வேர்வையில ரெக்சின் ரெண்டு வருஷத்துல உரிஞ்சாலும், மெத்தையை மட்டும் மாத்திக்கலாம். எடை 250 கிராம் பக்கத்துல இருந்தா கழுத்து வலிக்காது. மடக்குற மாதிரி இருந்தா பையில உடையாது. புளூடூத் ரகமா இருந்தாலும் ஒயர் குத்த ஒரு துளை இருக்கட்டும், சார்ஜ் தீர்ந்தா கை கொடுக்கும். கண்ணாடி போடுறவங்க கண்ணாடியோடவே கால் மணி நேரம் மாட்டிப் பாருங்க. கண்ணாடிக் காம்பு மெத்தையைத் தூக்கிச்சுன்னா, அந்தச் சந்துல இரைச்சல் உள்ளே வந்துடும்.

காது ஒண்ணும் மறுதாம்பு விடாது

உலக சுகாதார நிறுவனம் சொல்ற கணக்கு இதுதான்: 80 டெசிபல்ல வாரத்துக்கு 40 மணி நேரம் வரைக்கும் கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரத்தைப் பாதியாக்கணும். 83-ல 20 மணி, 86-ல 10 மணி, 89-ல 5 மணி. பஸ் இரைச்சலை ஜெயிக்கப் பாட்டைக் கூட்டறவன், வாரக்கணக்கை ரெண்டு மூணு நாள்லயே தீர்த்துடுவான். நல்லா மூடுற ஹெட்போனுக்குக் கொடுக்கிற காசு, பாட்டைத் தணிச்சு வச்சே கேட்க முடியும்ங்கிறதுக்குத்தான். உள்காதுல இருக்கிற நுண்மயிர்ச் செல் கருகினா கரும்பு மாதிரி மறுபடி துளிர்க்காது. போனது போனதுதான்.

டிராக்டர் ஓட்டறவங்களும் கதிரடிக்கிற மெஷின்கிட்ட நிக்கிறவங்களும் ஒண்ணு கவனிங்க. பாட்டு ஹெட்போனைக் காதுக் கவசம்னு நினைச்சுக்காதீங்க. அந்த வேலைக்குன்னே காதுல மாட்டுற இயர் மஃப், பாதுகாப்புச் சாமான் விக்கிற கடையில தனியா கிடைக்குது.

கடைசியா முக்கியமானது. அமெரிக்காவுல 2004-ல இருந்து 2011 வரைக்கும், ஹெட்போன் மாட்டிக்கிட்டு நடந்து போய் வண்டி மோதி அடிபட்டவங்களைப் பத்தி வந்த செய்திகளை ஆராய்ச்சியாளர்கள் தொகுத்தாங்க. மொத்தம் 116 பேர். அதுல 70 சதவீதம் பேர் செத்துட்டாங்க. பாதிக்கு மேல ரயில் மோதினது. ஹாரன் அடிச்சும் கேட்காம போனவங்க அதுல உண்டு.

அதனால எந்த விலைக்கு வாங்கினாலும் சரி, சீட்டுல உட்கார்ந்த பிறகு மாட்டுங்க. ஸ்டாப்பிங் வந்து எந்திரிக்கும்போதே கழட்டிக் கழுத்துல போட்டுக்கோங்க. பைக்குல மாட்டவே மாட்டாதீங்க. ராத்திரி மோட்டார் போடப் போறப்பவும் வேண்டாம். வரப்புல பாம்பு சரசரக்கிறதும், வாய்க்கா உடைஞ்சு தண்ணி போறதும் காதுக்குத்தான் முதல்ல தெரியும்.

அடுத்த வாரம் மஞ்சள் விலை நிலவரத்தோட வர்றேன்.