பெயர் மாறாத பாதை

பொலிவியாவின் அரசு இயங்கும் லா பாஸ் நகரையும் அதன் வடகிழக்கே உள்ள கொரோயிக்கோ என்னும் சிற்றூரையும் இணைக்கும் பழைய மலைப்பாதையின் பெயர் வடக்கு யுங்காஸ் சாலை. உலகம் அதை 'மரணப் பாதை' என்றே அறிந்திருக்கிறது. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான வெளிநாட்டுப் பயணிகள் மலைமிதிவண்டிகளில் ஏறி அப்பாதையில் இறங்குகிறார்கள். அவர்களை அங்கே இழுத்து வருவது அந்தப் பெயர்தான். அது ஒரு காலத்தில் எவரையும் அழைக்கும் பெயராக இருந்ததில்லை.

'யுங்கா' என்னும் சொல் அய்மாரா, கெச்சுவா ஆகிய இரு மொழிகளிலும் வழங்குவது. ஆண்டிஸ் மலைச்சரிவின் வெப்பமான பள்ளத்தாக்கு நிலத்தைக் குறிப்பது. கோக்கா இலையும் காப்பியும் பழங்களும் விளையும் நிலம் அது. சுமார் 3,600 மீட்டர் உயரத்தில் குளிர்ந்து கிடக்கும் லா பாஸ் நகரின் சந்தைகளுக்கு அந்த விளைச்சல் தேவைப்பட்டது. பள்ளத்தாக்கின் உழவர்களுக்கு நகரம் தேவைப்பட்டது. இடையே நின்றது மலை. ஏறத்தாழ 4,650 மீட்டர் உயரத்திலுள்ள லா கும்ப்ரே கணவாயைக் கடந்து, சுமார் 1,200 மீட்டர் வரை இறங்கியாக வேண்டும்.

இந்த இறக்கத்தைப் பாறையில் குடைந்தவர்கள் போர்க்கைதிகள். 1932 முதல் 1935 வரை பொலிவியாவும் பராகுவேயும் சாக்கோ சமவெளிக்காகப் போரிட்டன. அப்போரில் பிடிபட்ட பராகுவே வீரர்களைக் கொண்டே சாலையின் பெரும்பகுதி வெட்டப்பட்டது. வெப்பச் சமவெளியில் பிறந்தவர்கள், தங்கள் நாட்டுக்கு எவ்வகையிலும் பயன்படாத ஒரு பாதையை மலையின் விளிம்பில் செதுக்கினார்கள்.

பல இடங்களில் அதன் அகலம் மூன்று மீட்டர் அளவே. ஒருபுறம் செங்குத்துப் பாறை, மறுபுறம் நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழப் பள்ளம். தடுப்புச்சுவர் பெரும்பாலும் கிடையாது. மழையும் மூடுபனியும் மண்சரிவும் அங்கே வழக்கமானவை. பொலிவியாவில் வாகனங்கள் வலப்புறம் செல்பவை. இந்தச் சாலையில் மட்டும் இடப்புறம் செல்ல வேண்டும். காரணம் எளிது. அந்நாட்டு வாகனங்களில் ஓட்டுநர் இருக்கை இடப்பக்கம் உள்ளது. இறங்கும் வண்டி பள்ளத்தின் ஓரமாகச் சென்றால், ஓட்டுநர் சன்னல் வழியே தலையை நீட்டித் தம் வெளிச்சக்கரம் எங்கே நிற்கிறது என்று பார்க்க முடியும். ஏறிவரும் வண்டிக்கே முன்னுரிமை. எதிர்ப்பட்டால் இறங்குபவர் பின்னோக்கிச் சென்று வழிவிட வேண்டும்.

இத்தனை விதிகளும் சாவைத் தடுக்கவில்லை. 1983 ஜூலை 24 அன்று அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றிய பேருந்து ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆண்டுக்கு இருநூறு முதல் முந்நூறு உயிர்கள் அச்சாலையில் போயின என்று மதிப்பிடப்பட்ட காலமும் உண்டு. 1995இல் அமெரிக்க நாடுகளிடை வளர்ச்சி வங்கி அதை உலகிலேயே மிக ஆபத்தான சாலை என்று குறித்தது. புதிய சாலைக்கான தேவையைச் சுட்டும் எச்சரிக்கையாக அமைய வேண்டிய அத்தொடர், சில ஆண்டுகளில் விளம்பர வாசகமாயிற்று. 1998 அளவில் மிதிவண்டிச் சுற்றுலா தொடங்கியது.

2006இல் சுரங்கங்களும் பாலங்களும் கொண்ட புதிய சாலை முழுமை பெற்றது. பேருந்துகளும் சரக்குந்துகளும் அதற்கு மாறின. பழைய சாலை பெருமளவு மிதிவண்டிகளுக்கு உரியதாயிற்று. பயணிகள் கணவாயின் கடுங்குளிரில் புறப்பட்டு, முதலில் தார்ச்சாலையிலும் பிறகு கூழாங்கல் பரவிய மண்பாதையிலும் இறங்கி, சில மணி நேரத்தில் வாழைத்தோட்டங்களின் புழுக்கத்தை அடைகிறார்கள். இடப்புறம் செல்லும் பழைய விதி அவர்களுக்கும் தொடர்கிறது. மிதிவண்டியில் இறங்கியோருள்ளும் பத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்திருக்கிறார்கள். ஆகவே அந்தப் பெயர் முற்றிலும் வெற்றுச்சொல் அன்று.

எனினும் அதன் பொருள் இடம் மாறிவிட்டது. உழவர் பெண் ஒருத்தி மூட்டையுடன் சரக்குந்தின் மேல் அமர்ந்து சென்ற காலத்தில், 'மரணம்' என்பது அவள் விரும்பாமல் ஏற்ற இடர். இன்று அதே சொல் விலை கொடுத்துப் பெறும் துணிவு. பயணத்தின் முடிவில் 'உயிர் பிழைத்தேன்' என்று அச்சிட்ட சட்டை வழங்கப்படுகிறது. முன்பு நாள்தோறும் அவ்வழியே போய்த் திரும்பியவர்களுக்கு அப்படி ஒரு சட்டை எவரும் தரவில்லை. பிழைத்தது அவர்களுக்குச் செய்தியாகவும் இருக்கவில்லை.

பாதையோரம் நெடுகிலும் சிலுவைகள் நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு வளைவைக் குறிக்கிறது. அந்த வளைவில் முடிந்துபோன ஒரு பயணத்தையும் குறிக்கிறது. வேகமாக இறங்குபவர் கண்ணுக்கு அவை எச்சரிக்கைப் பலகைகள். அவற்றை நட்டவர்களுக்கு அவை கல்லறைகள். ஒரே பாதைக்கு ஒரே பெயரை இருசாராரும் வழங்குகிறார்கள். ஆனால் அவர்கள் சொல்வது ஒரே சொல் அன்று.