வெளிப்புற விறகுக் கொதிகலன்: வெப்பமாற்றி இணைப்பு

மினசோட்டா, விஸ்கான்சின் போன்ற அமெரிக்கக் குளிர் மாநிலங்களின் நாட்டுப்புறங்களில், வீட்டுக்கு வெளியே நிற்கும் விறகுக் கொதிகலனில் நீரைச் சூடாக்கி, காப்பிட்ட நிலத்தடிக் குழாய்களில் வீட்டுக்குள் கொண்டுவருகிறார்கள். இக்கொதிகலன்களில் பெரும்பாலானவை காற்றுக்குத் திறந்தவை, அழுத்தமற்றவை. வீட்டு ரேடியேட்டர் சுற்றோ ஏறக்குறைய 1 பார் அழுத்தத்தில் மூடப்பட்டது. இரண்டையும் நேரடியாக இணைத்தால் அந்த அழுத்தம் நீரைக் கொதிகலனின் திறப்பு வழியே வெளியே தள்ளிவிடும். கரைந்த ஆக்சிஜன் வார்ப்பிரும்புப் பம்புகளை அரிக்கும். அதனால் இடையில் துருப்பிடிக்காத எஃகுத் தகடுகளாலான வெப்பமாற்றி கட்டாயம் வேண்டும்.

தகடு வைத்தால் வெப்பம் வீணாகும் என்ற ஆட்சேபம் பாதிதான் சரி. வெப்பம் எங்கும் போய்விடுவதில்லை. இரு பக்க நீருக்கும் இடையே சில டிகிரி வேறுபாடு தேவைப்படுகிறது, அவ்வளவே. சூடான நீர் நுழையும் முனையிலேயே மறுபக்க நீர் வெளியேறும்படி, எதிரெதிர்த் திசையில் இணைத்தால் அதுவும் சுருங்கும். உண்மையான இழப்பு, செலவை மிச்சம்பிடிக்கச் சிறிய குழாய் போடுவதில்தான் இருக்கிறது: நிமிடத்துக்கு 40 லிட்டர் ஓடி 10 டிகிரி செல்சியஸ் குறைந்தால் சுமார் 28 கிலோவாட் கிடைக்கும், ஓட்டம் பாதியானால், அதே வீழ்ச்சியில் வெப்பமும் பாதிதான். மிகுந்த சூடு கேட்கும் குளியல்நீர் வெப்பமாற்றியை முதலிலும், அறைக்காற்றைச் சூடாக்கும் சுருளை அடுத்தும் வைப்பது வழக்கம். குளியல்நீரைக் கலப்பு வால்வு சுமார் 49 டிகிரிக்கு இறக்காவிட்டால் தோல் வெந்துவிடும். திரும்பும் நீர் 60 டிகிரிக்குக் கீழே போனால், புகையின் ஈரம் கொதிகலன் சுவரில் படிந்து எஃகைத் தின்னும். தகடுகளின் குறுகிய இடைவெளி துருத்தூளால் அடைபடாதிருக்க, நுழைவாயிலில் வடிகட்டி பொருத்த வேண்டும்.