தோளில் தொங்கிய பெட்டி

முதன்முதலாக டி.எஸ்.எல்.ஆர். காமிரா வாங்க உண்டியலை உடைக்கப் போகிறீர்களா? ஒரு நிமிஷம்!

1991-ல் கோடக் கம்பெனி முதல் டி.எஸ்.எல்.ஆரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பாடி நிக்கானுடையது. விலை சுமார் 20,000 டாலர்! படம் பதிவாகும் ஹார்ட் டிஸ்க் பெட்டியைத் தனியாகத் தோளில் வேறு சுமக்கணும். இத்தனைக்கும் கிடைத்தது 13 லட்சம் பிக்ஸல்தான்.

2003-ல் வந்த கேனன் 300டி-யில் 63 லட்சம் பிக்ஸல். விலையோ 899 டாலர். ஆயிரம் டாலருக்குள் வந்த முதல் டி.எஸ்.எல்.ஆர். அதுதான்!

இன்று இரண்டுமே பழம்பொருள். ஆனால், கேனன் 1987-ல் வெளியிட்ட ஈ.எஃப். லென்ஸ் அதன் டி.எஸ்.எல்.ஆர். எதிலும் ஜம்மென்று உட்காரும்!

ஆகவே, காசையெல்லாம் பாடியில் கொட்டாதீர்கள். கம்பெனிகள் மிரர்லெஸ் பக்கம் போய்விட்டதால், செகண்ட்ஹேண்ட் பாடி மலிவு. மிச்சப் பணத்தில் நல்ல லென்ஸாக ஒன்று வாங்குங்கள். பாடி சீக்கிரம் கிழடாகிவிடும்... லென்ஸ் உங்களோடு வரும்!